நன்றி சொன்ன கடல்பசு

மனித குல வரலாற்றிலேயே முதன்முறையாக, நீரில் வாழும் ஓர் உயிர் நிலத்தில் வாழும் மனிதனைப் பார்த்து மனமுவந்து நன்றி சொன்னது கீழமுனையில்தான். நாள், மணி, நிமிடம் எல்லாம் 'கடலரசி' உயிர்க்காட்சி மாளிகையின் வாசலில் கருங்கல்லில் வெட்டியிருக்கிறது. காலை பதினொன்று எட்டு. சொன்ன உயிர் ஒரு கடல்பசு. பெற்றுக்கொண்டவர் மாளிகையின் நிறுவனர், கடல்காவலர், டாக்டர் இராச. பூலோகரத்தினம் அவர்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கடல்பசு ஒரு கூடை முட்டைக்கோஸ் தின்றிருந்தது. இது கல்லில் இல்லை.

கல்லில் இல்லாத இந்தச் செய்தி கித்தேரியாளுக்கு மட்டும் தெரியும். கூடையைக் கவிழ்த்தது அவள்தான்.

கித்தேரியாள் அதற்கு முன்பு கடலுக்குள் முங்கிப் பாசி எடுத்துப் பிழைத்தவள். மூச்சை ஒன்றரை நிமிடம் பிடிப்பாள். மாளிகை வேலைக்கு ஆள் எடுத்த அன்று, டை கட்டின ஒருவர் "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். "எங்கம்மை வயித்துக்குள்ளயே நீந்திக்கிட்டுத்தான் கெடந்தேன்" என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அந்தக் காலத்தில் அவள் யாரிடமும் பேசுவதில்லை. அவள் வீட்டுக்காரர் போன வள்ளம் திரும்பி வராமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தேடிப் போனவர்கள் ஒரு மிதவையை மட்டும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு மூடின வாய்.

அதை முதலில் திறக்க வைத்தது கடல்பசுக் கன்று. வலையில் சிக்கித் தாய் செத்துப்போய், ஒரு வயதுக் கன்றை மாளிகைக்குத் தூக்கி வந்தார்கள். நாலு நாள் எதையும் தின்னாமல் தொட்டியின் மூலையில் கிடந்தது. ஐந்தாம் நாள் கித்தேரியாள் கடலில் முங்கி, ஒரு கட்டுப் புல்லைப் பறித்து வந்து, தொட்டிக்குள் இறங்கி அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டி, "தின்னுட்டி" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் பேசின முதல் சொல். கன்று தின்றது. அவளும் அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து ஒன்பது வருடமாகப் பேச்சு ஓயவில்லை. கன்று மூன்று மீட்டர் வளர்ந்து நானூறு கிலோவைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் சிட்டுக்குருவிக் குரல். அரசாங்கப் பதிவேட்டில் அதற்கு 'நன்றிச்செல்வி' என்று பெயர். கித்தேரியாள் கூப்பிடுவது 'பூசணி'.

தொட்டிக்கு மேலே 'மீட்கப்பட்டது' என்று பலகை உண்டு. பொய்யில்லை, மீட்டதுதான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளையை ஒன்பது வருடம் வார்டிலேயே வைத்து, வாசலில் டிக்கெட் கிழித்தால் அதற்கு என்ன பெயர் என்றுதான் பலகை சொல்லவில்லை. தொட்டி பதினெட்டுக்கு எட்டு மீட்டர். பூசணி எப்போதும் இடப்பக்கமாகவே வட்டம் போடும். சுவரில் உரசி உரசி அதன் இடது துடுப்பின் ஓரம் வெளிறிப்போயிருந்தது. பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், "பாருங்கள், உற்சாகமாகச் சுற்றி வருகிறாள்" என்று ஒலிபெருக்கி சொல்லும்.

பூசணி வந்த ஆறாம் வருடம் ஒப்புதல் சட்டம் வந்தது. ஆளைவிட நீளமான எந்தக் கடல் உயிரையும் அதன் சம்மதம் இல்லாமல் அடைத்து வைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை ஆணையர் வருவார். கடல்மொழிப் பெட்டி என்று ஓர் இயந்திரம். தண்ணீருக்குள் மைக், மேலே திரை. பிராணி போடும் சத்தம் திரையில் தமிழாக வரும். இருக்கச் சம்மதம் என்று பொருள்படும்படி ஏதாவது சொன்னால் இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைக் கேட்டு உயிர்க்காட்சி முதலாளிகள் முதலில் பயந்தார்கள். பெட்டியை அவரவரே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் தெளிந்தார்கள். மூன்று வருடத்தில் நாடெங்கும் ஒரு பிராணிகூட 'போகிறேன்' என்று சொல்லவில்லை.

கீழமுனையில் பெட்டியைப் பொருத்தியவன் நிரஞ்சன் என்கிற கோயம்புத்தூர்ப் பொறியாளன். திறப்பு விழாவன்று பூலோகரத்தினம் பெட்டிக்குப் பொன்னாடை போர்த்தி, தொட்டி ஓரமாகக் கைகூப்பி நின்றார். போட்டோக்காரர்கள் காத்திருந்தார்கள். பூசணி தொப்பை மேலே தெரிய மிதந்து வந்தது. தண்ணீருக்குள் 'புடுபுடு'வென்று ஒரு நீளச் சத்தம். பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

"என்ன சொல்கிறாள்?" என்றார் பூலோகரத்தினம்.

நிரஞ்சன் திரையைப் பார்த்தான். திரையில் ஒன்றுமில்லை. பெட்டிக்கு அன்றைக்குத்தான் பிறந்தநாள். பூலோகரத்தினத்தின் முகத்தைப் பார்த்தான். அதில் பதில் இருந்தது.

"நன்றி சொல்லுதுங்க ஐயா."

"சொல்லிவிட்டுப் பணிந்து தாழ்ந்தாள், கவனித்தீர்களா!" என்று பூலோகரத்தினம் கூட்டத்தைப் பார்த்துக் கண் கலங்கினார். மணி பதினொன்று எட்டு.

அந்த வருடமும் அடுத்த இரண்டு வருடமும் ஆணையர் முன்னால் பூசணி நன்றி சொன்னது. அடைத்து வைத்தவனுக்கு நன்றி சொல்வதைவிடப் பெரிய சம்மதம் உண்டா என்று ஆணையர் எழுதினார். ஒவ்வொரு முறையும் முந்தின நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஒரு கூடை முட்டைக்கோஸ் வரும். "விழாவுக்கு முந்தின நாள் தடபுடலாய்ப் போடு" என்று உத்தரவு. கித்தேரியாள் போடுவாள். வயிறு உப்பி, பூசணி பந்து மாதிரி மிதந்து, காற்றை விட்டால்தான் கீழே இறங்க முடியும் என்பது அவளுக்கு முதல் வருடமே தெரியும். அதை யார் கேட்டார்கள், அவள் சொல்ல? கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னால் பூசணி கடலுக்குப் போகும். கடல் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். மிதவையை மட்டும் திருப்பிக் கொடுக்கும்.

போன ஆனியில் தொட்டிக் குழாய்க்குள் காற்றுப் பூந்து குமிழி விட்டபோது, பெட்டி ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டு தடவை 'நன்றி' என்றது. பூலோகரத்தினம் அப்போது வெளியூரில் இருந்தார். நாற்பத்திரண்டையும் அலுவலகம் அவருக்கு அனுப்பிவைத்தது. அவர் நெகிழ்ந்து பதில் போட்டார்.

எல்லாம் இப்படிச் சுகமாய்ப் போய்க்கொண்டிருந்திருக்கும். ஐப்பசிப் புயல் வந்தது.

புயலில் கரண்ட் போய், மோட்டார் நின்று, கடலிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் வருகிற பெரிய குழாயின் மதகைக் கையால் திறக்க வேண்டியதாயிற்று. மோட்டார் இரைச்சல் இல்லாமல் அந்தத் தொட்டி ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் அமைதியாக இருந்தது. மத்தியானம் ஓதம் ஏறி, கடல் மட்டம் உயர்ந்தது. பூசணி வட்டம் போடுவதை நிறுத்தியது. குழாய் வாயில் மூஞ்சியை வைத்துக்கொண்டு கீச்சுக் கீச்சென்று எதையோ சொன்னது. நிறுத்தியது. மறுபடி சொன்னது. பெட்டிக்கு மட்டும் பேட்டரி இருந்தது. திரையில் 'பொருள் இல்லை' என்று வந்தது.

"ஏட்டி, அங்க என்ன பாக்க?" என்று கித்தேரியாள் முங்கி, குழாய் ஓரமாகக் காதை வைத்தாள்.

குழாய்க்குள்ளிருந்து, வெகு தூரத்திலிருந்து, கீச்சென்று பதில் வந்தது.

அவள் மூச்சை விட மறந்து மேலே வந்து இருமினாள்.

மறுநாளும் ஓத நேரத்துக்குப் பூசணி குழாய்க்குப் போனது. அதற்கு மறுநாளும். மோட்டார் ஓடத் தொடங்கின பிறகும் போனது. அந்த இரைச்சலில் பதில் கேட்டிருக்காது. ஆனாலும் போய் மூஞ்சியை வைத்துக்கொண்டு, சொல்லிவிட்டு, காத்திருந்தது. மிதவை வந்த பிறகும் ஆறு மாதம் தினமும் சாயங்காலம் கரையில் போய் நின்றவள் கித்தேரியாள். காத்திருப்பதைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.

நாலாவது விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் பெட்டியைச் சரிபார்க்க நிரஞ்சன் வந்தான். ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தான். கோட்டு போட்டிருந்தான்.

"நல்லாருக்கீங்ளாக்கா? நம்ம செல்வி எப்படி இருக்குதுங்க?"

"கெடக்கா. தம்பி, ஒரு சமாச்சாரம். உங்க பெட்டி 'பொருள் இல்லை'ங்குதே, அப்படின்னா என்ன? பொருளே கெடையாதா?"

நிரஞ்சன் சிரித்தான். "அப்படி இல்லீங்க்கா. பெட்டி தானா ஒண்ணும் கத்துக்காதுங்க. ஒரு சத்தத்துக்குப் பக்கத்துல நாம ஒரு சொல்லை எழுதி வைக்கோணும். அப்பறம் அந்தச் சத்தம் வந்தா அந்தச் சொல்லைக் காட்டும். எழுதாத சத்தம் வந்தா, பொருள் இல்லைன்னு போட்டுரும்."

"அப்ப பொருள் இருக்கும். எழுத ஆள் இல்ல."

"அப்படியும் வெச்சுக்கலாங்க."

"நன்றின்னு எழுதினது யாரு?"

"நானுங்க."

"எழுதச் சொன்னது?"

நிரஞ்சன் சுவரைப் பார்த்தான். சுவரில் பூலோகரத்தினம் படம் மாலையோடு சிரித்தது. உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடக் கூடாதென்று யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை.

"தம்பி, அது நன்றி இல்ல" என்றாள் கித்தேரியாள்.

"பின்னெ?"

"வாயு."

"என்னங்க?"

"வாயு. முட்டக்கோசு தின்னா வரும். உனக்கும் வரும், எனக்கும் வரும். அவ குண்டுப் பிள்ள, கொஞ்சம் சத்தமா வருது."

நிரஞ்சன் அங்கே கவிழ்த்து வைத்திருந்த கூடையின் மேல் உட்கார்ந்தான். கோட்டு நனைந்தது.

"அஞ்சு நாட்டுல பேசியிருக்கறனுங்க்கா."

"வாயுவப் பத்தியா?"

"நன்றியைப் பத்திங்க." நனைந்த கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். "எனக்கு அதுல டாக்டர் பட்டம் குடுத்திருக்காங்க. ஒரிஜினல் பட்டமுங்க, ஐயாவோடது மாதிரி இல்ல. அக்கா, இதை ஆணையர்கிட்ட..."

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீ பயப்படாத." கித்தேரியாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஆனா மூணு வருசமா அவ போடாத கையெழுத்த நான் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் தம்பி. முட்டக்கோசால போட்டிருக்கேன். அது தப்பா, சரியா?"

நிரஞ்சன் படித்தவன். பெட்டியின் வயரைச் சரிபார்த்தான்.

ஓதம் ஏறும் நேரமாயிருந்தது. அவள் மோட்டாரை நிறுத்தி அவனைக் குழாய்ப் பக்கம் கூட்டிப்போனாள். கோட்டைக் கழற்றிவிட்டு அவன் தலையைத் தண்ணீருக்குள் விட்டான். வெளியே எடுத்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. முகம் மாறியிருந்தது.

"வெளியில ஒண்ணு இருக்குதுங்களா?"

"ஒண்ணோ, ரெண்டோ."

"இதுக்குப் பக்கத்துல என்னங்க்கா எழுதறது?"

"நீ எழுதாத" என்றாள் அவள். "நீ எழுதினதெல்லாம் போதும்."

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் கூடை வந்தது. நல்ல முற்றிய, இறுகிய முட்டைக்கோஸ். பூசணி வாசனை பிடித்துக்கொண்டு வந்து, முள்முள்ளான உதட்டை அவள் முழங்கையில் வைத்து உரசியது. கித்தேரியாள் ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்தாள்.

போட்டால் நாளைக்கு 'நன்றி'. இன்னொரு வருடம். காலையில் வந்து "ஏட்டி, எந்திட்டி" என்று சொல்ல ஓர் உயிர். போடாவிட்டால் இந்தத் தொட்டி காலி. அவள் வீடு ஏற்கனவே காலி.

"நீ என்னட்டி சொல்லுத?" என்று கேட்டாள். பூசணி முட்டைக்கோஸைப் பார்த்தது. அதற்கு முட்டைக்கோஸ் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. பிடித்ததைக் கொடுத்துக் கொடுத்தே ஒருத்தியை எவ்வளவு காலம் அடைத்து வைக்கலாம் என்று கித்தேரியாளுக்கு அப்போது ஒரு கணக்கு ஓடியது. விடை பிடிக்கவில்லை. முட்டைக்கோஸைக் கூடையில் போட்டு, கூடையைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, அன்று மத்தியானம் கடலில் முங்கிப் பறித்து வந்த புல்லை அவிழ்த்துப் போட்டாள். ஒரு வாரமாகவே புல் மட்டும்தான் போட்டு வந்திருக்கிறாள் என்பது அவிழ்க்கும்போதுதான் அவளுக்கே உறைத்தது. கை அவளுக்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டிருந்தது.

புது ஆணையர் ஹமீதா பானு காயல்பட்டினத்துக்காரர். பொன்னாடை வேண்டாமென்றார், மாலை வேண்டாமென்றார், இளநீரை மட்டும் வாங்கிக் குடித்தார். பூலோகரத்தினம் நாற்பது நிமிடம் பேசினார். கடலை அன்னை என்றார், தன்னை மகன் என்றார். அந்த முறையில் நன்றிச்செல்வி தனக்கு உடன்பிறப்பு என்று முடித்தார். உடன்பிறப்பைத் தொட்டியில் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை. பத்தேமுக்காலுக்குப் பெட்டியைப் போட்டார்கள்.

பூசணி தரையோடு தரையாகக் கிடந்தது. வயிறு ஒட்டி, அழகாக இருந்தது. பதினொன்று ஆயிற்று. பதினொன்று எட்டு ஆயிற்று. பூலோகரத்தினம் கைகூப்பியபடி கல்வெட்டு மாதிரி நின்றார். ஒன்றும் வரவில்லை.

"கூச்சப்படுகிறாள்" என்றார். "புது ஆட்கள் அல்லவா?"

பதினொன்றரைக்குப் பூசணி குழாய்ப் பக்கம் போய்க் கீச்சென்றது.

பொருள் இல்லை.

கீச்சுக் கீச்.

பொருள் இல்லை. பொருள் இல்லை.

"செல்வி! நன்றி, நன்றி!" என்று பூலோகரத்தினம் தண்ணீருக்கு அருகே குனிந்து எடுத்துக்கொடுத்தார். பாட்டு மறந்த பிள்ளைக்கு மேடை ஓரத்திலிருந்து வாத்தியார் எடுத்துக்கொடுப்பது மாதிரி இருந்தது. கண்ணாடி தண்ணீரில் விழுந்தது. கித்தேரியாள் முங்கி எடுத்துக் கொடுத்தாள். அவர் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

ஆணையர் எழுந்து வந்தார். "பொறியாளர் தம்பி, இது என்ன சொல்லுது?"

நிரஞ்சன் இந்த முறை பூலோகரத்தினத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியலீங்க மேடம்."

ஐந்து நாட்டில் பேசின வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நினைத்து, கித்தேரியாளுக்கு அவன்மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

"பராமரிக்கிறது நீங்களாம்மா? நீங்க சொல்லுங்க. என்ன சொல்லுது?"

கித்தேரியாள் பூலோகரத்தினத்தைப் பார்த்தாள். அவர் அவளை முதன்முதலாக, ஓர் ஆள் மாதிரி, கெஞ்சலாகப் பார்த்தார். அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "ஆனா யாருகிட்ட சொல்லுதுன்னு தெரியும்."

"யாருகிட்ட?"

"நம்மகிட்ட இல்ல."

கித்தேரியாள் குழாய்ப் பக்கம் திரும்பினாள்.

"மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. செருப்பக் கழத்திட்டு இங்க வாங்கம்மா. காத இந்தக் குழாய்ல வையுங்க. சேலை நனையும், பாத்துக்கிடுங்க."

ஆணையருக்குச் சேலை நனைந்தது. குழாயில் காதை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு நேரம் குனிந்திருந்தார் என்று யாரும் மணி பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது, "வெளியிலேர்ந்து கூப்பிடுதே!" என்றார், ஆணையர் குரலில் அல்ல. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆணையர் குரலுக்குத் திரும்பி, தெளிவான சம்மதம் கிடைக்கவில்லை என்று எழுதச் சொன்னார்.

சட்டப்படி தொண்ணூறு நாள், புல் விளைகிற ஆழமில்லாத கடலில் வலைவேலி கட்டி, அதற்குள் விட்டுப் பழக்க வேண்டும். பழக்குவதற்குக் கித்தேரியாளையே போட்டார்கள். தினமும் விடியற்காலை போய் முங்குவாள். பூசணி முதல் வாரம் வலைக்குள்ளும் இடப்பக்கமாகவே வட்டம் போட்டது, பதினெட்டு எட்டுக்கு. அத்தனை கடல் கிடந்தும் இல்லாத சுவருக்குள் சுற்றியது. அதைப் பார்த்துத்தான் கித்தேரியாள் அழுதாள். இரண்டாம் வாரம் வட்டம் அகன்றது. மூன்றாம் வாரம் தானாகப் புல்லைப் பிடுங்கி, சேற்றைக் கிளப்பி, ஆசையாக மேய்ந்தது. ஒரு நாள் வலைக்கு வெளியே இரண்டு கரிய முதுகுகள் எழும்பி மூச்சு விட்டன. பூசணி அன்று முழுக்க வலையை விட்டு நகரவில்லை. கித்தேரியாள் கூப்பிட்டபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போட்டி, போ. சொந்தக்காரங்களப் பாத்ததும் நான் யாரோ" என்று திட்டிக்கொண்டே கரையேறினாள். மனசு நிறைந்திருந்தது.

ஒன்று மட்டும் அவளுக்குப் பாக்கி இருந்தது. பூசணியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஒன்பது வருடம் தன்னைப் பேச வைத்ததற்கு, சாப்பிட வைத்ததற்கு, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கொடுத்ததற்கு. தினமும் முங்கும்போது சொல்லிவிட வேண்டும் என்று போவாள். வாயில் வராது. அந்தச் சொல்லைப் பூலோகரத்தினமும் பெட்டியும் கல்வெட்டும் சேர்ந்து அவ்வளவு கெடுத்து வைத்திருந்தார்கள். "ஏட்டி, ஒழுங்காத் தின்னு" என்று சொல்லிவிட்டு வருவாள்.

பூலோகரத்தினம் ஒரு மாதம் படுத்திருந்தார். இரண்டாம் மாதம் எழுந்து யோசித்தார். மூன்றாம் மாதம் 'விடுதலை தந்த வள்ளல்' என்று ஊரெங்கும் தட்டி வைத்தார். அவருக்கே அது தன் யோசனை என்று உறுதியாகியிருந்தது. விடுதலை நாளன்று வலைவேலிக்கு அருகே இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி மேடை போட்டார்கள். பெட்டியையும், பெரிய திரையையும் ஏற்றினார்கள். இரண்டு நாள் முன்னாலேயே 'பிரியாவிடை விருந்து' என்று சீட்டு எழுதி மூன்று கூடை முட்டைக்கோஸ் அனுப்பியிருந்தார். கித்தேரியாள் வாங்கி வைத்துக்கொண்டாள். பூசணிக்குத்தான் அவர் அனுப்பினார். பூசணிக்குப் போடக் கூடாதென்று இவள் முடிவு செய்திருந்தாள்.

நிரஞ்சன் வந்திருந்தான், கோட்டு இல்லாமல். பெட்டியின் மைக்கைத் தண்ணீருக்குள் வலைவாசல் கம்பத்தில், கித்தேரியாள் நிற்கிற இடத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கட்டினான்.

"எதுக்குத் தம்பி இது?"

"ஐயா ஆசைப்படறாருங்க்கா. ஒண்ணும் வராது, விடுங்க. நானே பெட்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போயிரலாம்னு இருக்கறனுங்க. நான் எழுதினதெல்லாம் தப்புன்னு ஒரு கட்டுரை எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு அனுப்பிருவேன்."

"எழுது. நல்ல காரியம்."

ஓதம் ஏறியது. பூலோகரத்தினம் மேடை மைக்கைப் பிடித்தார். கரையில் ஊரே நின்றது. படகில் ஆணையர் ஹமீதா பானு, இந்த முறை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கித்தேரியாள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வலைவாசல் கயிற்றை அவிழ்த்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். வலை சாய்ந்தது.

பூசணி வந்தது. வாசலில் நின்றது. இடப்பக்கமாக ஒரு வட்டம், இரண்டாவது வட்டம், மூன்றாவது. கித்தேரியாள் வட்டங்களை எண்ணினாள். இன்னும் அந்தத் தொட்டியா? மூன்றாவது வட்டத்தில் அவளை ஒட்டி வந்து, முள் உதட்டை அவள் முழங்கையில் வைத்தது. முட்டைக்கோஸ் இருக்கிறதா என்று பார்த்ததோ என்னவோ. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். உப்புத் தண்ணீர்தான் உள்ளே போனது. பூசணி நேராக, எந்தப் பக்கமும் திரும்பாமல், வாசலைத் தாண்டிப் போனது. தூரத்தில் இரண்டு முதுகுகள் எழும்பின. பிறகு மூன்று.

மேடையில் பூலோகரத்தினம், "அவள் திரும்பிப் பார்க்காமல் போகலாம், ஆனால் அவள் இதயம்..." என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, திரை முழுக்க ஓர் ஆள் உயர எழுத்தில் வந்தது:

நன்றி.

கரை ஆரவாரித்தது. வெடி போட்டார்கள். பூலோகரத்தினம் பேச முடியாமல் இரண்டு கையையும் கூப்பி, அதைப் பெற்றுக்கொண்டு அழுதார். ஆணையர் எழுந்து நின்றுவிட்டார். நிரஞ்சன் படகின் விளிம்புக்கு ஓடிவந்து குனிந்தான். முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது.

"அக்கா! முட்டைக்கோஸ் குடுத்தீங்களா?"

"தொண்ணூறு நாளா ஒரு எலகூடக் குடுக்கல தம்பி."

"நெசமாவா?"

"மாதா சத்தியமா."

"அப்ப... அப்ப இது வாயு இல்லீங்க்கா! இது நெசமாவே..." அவன் சட்டைப் பையிலிருந்து கட்டுரையை எடுத்துக் கிழித்தான். "வாங்க்கா, மேல ஏறுங்க. உங்களுக்குத்தான் சொல்லியிருக்குது. ஐயாவுக்கு இல்ல. ஏறி வாங்க."

கித்தேரியாள் ஏறவில்லை. கழுத்தளவுத் தண்ணீரிலேயே நின்றாள். அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. தூரத்தில் மூன்று முதுகுகளும் ஒன்றாக முங்கின. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவள் மாதிரி உடம்பு லேசாக இருந்தது.

மூன்று கூடையில் இரண்டை அவள் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்றாவதை, வீணாகக் கூடாதென்று, இரண்டு நாளாகப் பொரியல் வைத்து அவளே சாப்பிட்டிருந்தாள்.